எதைக் குறைக்க வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள்

சரக்கு வண்டிகள் எந்தக் கடைக்கு எந்த வரிசையில் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. மதுரையில் சின்ன அலுவலகம். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர்கள். பிஸ்கட், சோப்பு, எண்ணெய், மசாலா என்று கம்பெனிச் சரக்கை எடுத்து மளிகைக்கடைகளுக்குப் போடுகிறவர்கள். ஊருக்கு வெளியே ஒரு குடோன், ஏழெட்டுக் குட்டியானை, வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு லோடுமேன். திங்கள் மேலூர் லைன், செவ்வாய் திருமங்கலம் லைன் என்று காலங்காலமாக ஓடிக்கொண்டிருப்பதைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஏதாவது மிச்சமாகுமா என்று கேட்டு வருவார்கள்.

நான் கேட்கும் முதல் கேள்வி அவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சலூட்டும். எது மிச்சமாக வேண்டும்? எல்லாமேதான், வேறென்ன என்பார்கள். டீசல் குறைய வேண்டும். ஒரு வண்டியை நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது. பெரிய கடைகளுக்குப் பத்து மணிக்குள் சரக்கு இறங்கிவிட வேண்டும். டிரைவர்கள் தங்களுக்குள் சண்டை போடக்கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் போய் கூடுதல் பேட்டா கேட்கக்கூடாது. கலெக்ஷன் பணத்தோடு எந்த வண்டியும் இருட்டில் வரக்கூடாது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான ஆசை. ஒரே வண்டியில் ஏற்றினால்தான் தகராறு.

இந்தக் கணக்குக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1959-இல் ஜார்ஜ் டான்ட்சிக், ஜான் ராம்சர் இருவரும் எழுதிய கட்டுரையில்தான் இது முறையான கணக்காக வடிவம் பெற்றது. ஒரு மொத்தக் கிடங்கிலிருந்து பல பெட்ரோல் பங்குகளுக்கு லாரிகளை எப்படி அனுப்பினால் மொத்தத் தூரம் குறையும் என்பது அவர்கள் கேள்வி. 1964-இல் கிளார்க், ரைட் இருவரும் ஒரு எளிய வழி சொன்னார்கள். இரண்டு கடைகளுக்குத் தனித்தனியாகப் போய்த் திரும்புவதைவிட ஒரே நடையில் இரண்டையும் முடித்தால் எவ்வளவு தூரம் மிச்சம் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் பார். அதிக மிச்சம் தரும் ஜோடியை முதலில் சேர். வண்டி கொள்ளும்வரை அப்படியே சேர்த்துக்கொண்டு போ. இன்றைக்கும் ஒரு வெள்ளைத்தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

கணக்கு கடினம் என்று எல்லாரும் சொல்வது எண்ணிக்கையை வைத்து. 15 கடைகளை எத்தனை வரிசையில் சுற்றலாம் என்றால் 1.3 லட்சம் கோடி வழிகள். அது ஒரே ஒரு வண்டிக்கு. கேட்க மிரட்டலாக இருக்கும். ஆனால் இதை நல்லபடியாகத் தீர்க்கும் முறைகள் இலவசமாகவே இணையத்தில் கிடைக்கின்றன. இருநூறு முந்நூறு கடைகள் என்றாலும் ஒரு சாதாரண கம்ப்யூட்டர், நாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மிகச் சிறந்ததற்குப் பக்கத்தில் ஒரு விடையைத் தந்துவிடும். "மிகச் சிறந்தது" என்றால் எது என்று நாம் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். என் பெரும்பாலான நேரம் போவது அங்கேதான்.

வண்டியின் எண்ணிக்கையா, கிலோமீட்டரா என்பதையே எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். வண்டி குறைந்தால் ஓட்டமும் குறையத்தானே வேண்டும்? 1987-இல் மேரியஸ் சாலமன் என்பவர் இந்தத் துறைக்கு ஒரு மாதிரிக் கணக்குத் தொகுப்பு உண்டாக்கினார். ஒவ்வொரு கணக்கிலும் 100 வாடிக்கையாளர்கள், ஒவ்வொருவருக்கும் இந்த நேரத்திலிருந்து இந்த நேரத்துக்குள் வர வேண்டும் என்ற நிபந்தனை. இன்றுவரை புதிதாக ஒரு முறையைக் கண்டுபிடிக்கிறவர்கள் அதில்தான் உரசிப் பார்க்கிறார்கள். அதில் ஆர்-104 என்று ஒரு கணக்கு. முதலில் வண்டியைக் குறை, அப்புறம் தூரத்தைக் குறை என்ற விதிப்படி பார்த்தால் 9 வண்டிகள், மொத்தத் தூரம் ஏறக்குறைய 1007. வண்டி எத்தனை ஆனாலும் பரவாயில்லை, தூரம் மட்டும் குறைந்தால் போதும் என்றால் 11 வண்டிகள், தூரம் ஏறக்குறைய 971. அதே கடைகள், அதே நேரங்கள். வண்டி இரண்டு குறைந்தால் ஓட்டம் கூடுகிறது. காரணம் எளிது. நேர நிபந்தனை இருக்கும்போது குறைந்த வண்டிகளை வைத்துச் சமாளிக்க வேண்டுமென்றால், இங்கே ஒரு கடை, அப்புறம் ஊரின் மறுகோடியில் ஒரு கடை என்று குறுக்கும் நெடுக்கும் ஓடித்தான் நேரத்தைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

எது சரி என்பது கணிதத்தில் இல்லை, முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. வண்டி சொந்தம், டிரைவருக்கு மாதச் சம்பளம், வண்டிக் கடனுக்கு ஈ.எம்.ஐ. ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால், ஒரு வண்டியைக் குடோனில் நிறுத்துவதால் பைசா மிச்சமில்லை. அங்கே கிலோமீட்டர்தான் பணம். நாள் வாடகைக்கு வண்டி எடுக்கிறவருக்கு நேர் எதிர். ஒரு வண்டி குறைந்தால் அன்றைய வாடகை அப்படியே கையில் நிற்கும். மிச்சமிருக்கும் வண்டிகள் முப்பது கிலோமீட்டர் கூடுதலாக ஓடினால் ஓடட்டும். ஒரே தெருவில் எதிரெதிரே குடோன் வைத்திருக்கும் இரண்டு பேருக்கு, ஒரே கடைப் பட்டியலுக்கு, இரண்டு வேறு விடைகள் சரியாக இருக்கும். இதைச் சொன்னால் சிலருக்கு எங்கள் சாஃப்ட்வேர் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது.

வழக்கமான வைத்தியம், எல்லாவற்றையும் ரூபாயாக மாற்றிக் கூட்டிவிடுவது. டீசலை ரூபாயாக்கலாம். சம்பளத்தை ரூபாயாக்கலாம். கடைக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் எத்தனை ரூபாய்? அண்ணாச்சி இந்த முறை முறைத்துவிட்டுச் சும்மா இருப்பார். நாலாவது முறை அடுத்த கம்பெனி சோப்பை முன் வரிசைக்கு நகர்த்திவிடுவார். அதன் விலை யாருக்கும் தெரியாது. ஆனாலும் திரையில் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் ஒரு எண்ணைப் போட்டாக வேண்டும். அதற்கு வெயிட்டேஜ் என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்த எண்ணைப் பெரும்பாலும் போடுகிறவர் முதலாளி இல்லை, டிரைவர் இல்லை, கடைக்காரர் இல்லை. என்னைப் போல ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். இது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு.

வெயிட்டேஜுக்கு இன்னொரு கோளாறும் உண்டு. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போய்விடுவார்கள்; எண்ணைப் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ஒரு லைனுக்கு மூன்று திட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் திட்டத்தில் 200 கிலோமீட்டர் ஓட்டம், கடைகளுக்கு மொத்தம் 60 நிமிடத் தாமதம். இரண்டாவதில் 240 கிலோமீட்டர், தாமதம் 10 நிமிடம். மூன்றாவதில் 225 கிலோமீட்டர், 40 நிமிடம். இப்போது ஒரு நிமிடத் தாமதத்தை அரை கிலோமீட்டருக்குச் சமம் என்று வைத்தால் கூட்டுத்தொகை 230, 245, 245. முதல் திட்டம் ஜெயிக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குச் சமம் என்றால் 260, 250, 265. இரண்டாவது ஜெயிக்கிறது. இடையில் 0.8 என்று வைத்தால் முதல் இரண்டும் 248-இல் சமமாக நிற்கின்றன, மூன்றாவது 257-இல் வெளியே நிற்கிறது. எந்த எண்ணைப் போட்டாலும் மூன்றாவது திட்டம் முதலிடத்துக்கு வராது. நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆனால் அது மோசமான திட்டம் இல்லை. முதலாவதைவிடத் தாமதம் குறைவு, இரண்டாவதைவிட ஓட்டம் குறைவு. ஒன்றை விட்டுக்கொடுக்காமல் இன்னொன்றைக் குறைக்க முடியாத இப்படிப்பட்ட விடைகளுக்கு வில்ஃபிரெடோ பரேட்டோ என்ற இத்தாலியப் பொருளியலாளரின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். முதலாளி வாய்விட்டுக் கேட்பது பல நேரம் இதைத்தான்: "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு காட்டுங்க." வெயிட்டேஜை எவ்வளவு திருகினாலும் அந்த நடு ஆள் மேலே வரமாட்டார். சாஃப்ட்வேரோ இரண்டு கோடிக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டிருக்கும். இதைத் தெரியாமல், சரியான எண்ணைத் தேடி ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாற்று வழி 1971-லேயே வந்துவிட்டது. கூட்டாதே, ஒன்றை மட்டும் குறை, மற்றதற்கு எல்லை கட்டு. தாமதம் 45 நிமிடத்தைத் தாண்டக்கூடாது, அதற்குள் ஓட்டத்தைக் குறை என்று சொன்னால் 225 கிலோமீட்டர் திட்டம் தானாக வந்து நிற்கும். எனக்கு இந்த முறை பிடித்ததற்குக் காரணம் கணிதம்கூட இல்லை. "ஒரு நிமிடம் என்ன விலை?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. "எவ்வளவு தாமதம் வரை தாங்குவீங்க?" என்று கேட்டால் சேல்ஸ்மேன் யோசிக்காமல் சொல்லிவிடுவார், கடை கடையாக.

மூன்றாவதாக ஒரு வழி, ஒரே விடையைக் கேட்காமல் ஒரு கூட்டமாக விடைகளைத் திரட்டுவது. இதில் உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு முறை ஐ.ஐ.டி. கான்பூரில் பிறந்தது. கல்யாண்மய் தேப்பும் அவரோடு சேர்ந்தவர்களும் 2002-இல் வெளியிட்ட என்.எஸ்.ஜி.ஏ.-2. இயற்கைத் தேர்வைப் போல விடைகளைக் கலந்து, சலித்து, ஒன்றையொன்று தோற்கடிக்க முடியாதவற்றை ஒரு வரிசையாக நிறுத்திக் காட்டும். இரண்டு இலக்கு என்றால் திரையில் அழகான வளைகோடு. மூன்று என்றால் கொஞ்சம் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். ஐந்து இலக்குகளைப் போட்டு இருநூறு புள்ளிகளைக் காட்டினால் எந்த முதலாளியும் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

டிரைவர்களுக்குள் சண்டை வரக்கூடாது என்ற இலக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதுதான் பார்க்கச் சாதுவாக இருந்து கடிப்பது. வேலையைச் சமமாகப் பிரி என்று சொன்னால், சாதாரணமாக யாருக்கும் தோன்றும் அளவுகோல், அதிகம் ஓடும் வண்டிக்கும் குறைவாக ஓடும் வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பது. மூன்று வண்டிகள் 92, 75, 48 கிலோமீட்டர் ஓடுகின்றன என்றால் வித்தியாசம் 44. இதைக் குறைக்கச் சொன்னால் சாஃப்ட்வேர் என்ன செய்யும் தெரியுமா? மூன்றாவது வண்டியை, கடைகளை மாற்றாமலே, ஊரைச் சுற்றிக் காட்டி 80 கிலோமீட்டர் ஓட வைத்துவிடும். வித்தியாசம் 17 ஆகிவிட்டது! சமத்துவம் மலர்ந்துவிட்டது! யாருக்கும் வேலை குறையவில்லை. ஒருவருக்கு வீணாக 32 கிலோமீட்டர் கூடியதுதான் மிச்சம். மாட்ல், ஹார்ட்ல், விடால் மூவரும் 2018-இல் எழுதிய ஆய்வு இந்த வேடிக்கையை விரிவாக அலசுகிறது. சமத்துவத்தை அளக்க நாம் எடுக்கும் கோலைப் பொறுத்து, இப்படி வேண்டுமென்றே நீட்டிய தடங்கள் "நல்ல விடை" என்ற பெயரில் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். வித்தியாசத்தை விட்டுவிட்டு, மிக நீளமாக ஓடுகிற வண்டியின் ஓட்டத்தைக் குறை என்று சொன்னால் இந்தத் தில்லுமுல்லு நடக்காது. குட்டை வண்டியை நீட்டுவதால் ஒரு பயனும் இல்லை என்று ஆகிவிடுகிறது.

சரி, ஆனால் எதைச் சமமாகப் பிரிப்பது? ஒரு குடோனில் பல வருடமாக வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் என் அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிலோமீட்டரை வச்சு வேலைய அளக்காதீங்க தம்பி. உசிலம்பட்டி லைன்ல உக்காந்துக்கிட்டே போயிட்டு வந்துரலாம். மாசி வீதிப் பக்கம் வந்து பாருங்க. வண்டிய ஒரு எடத்துல ஒதுக்கிட்டு எத்தன சந்துக்குள்ள பெட்டியத் தூக்கிட்டு நடக்கணும்னு." அப்படியானால் எதை எண்ணலாம் அண்ணே என்றேன். "எறக்குற பெட்டிய எண்ணுங்க. மாடிக் கடைன்னா ரெண்டு மடங்கு போடுங்க." பக்கத்திலிருந்த லோடுமேன் உடனே தலையாட்டினார். நீண்ட லைன் ஓட்டும் இன்னொருவர் தலையாட்டவில்லை. அவருக்கு நேரம்தான் கணக்கு. வீட்டுக்கு எட்டு மணிக்குப் போகிறவருக்கும் ஐந்து மணிக்குப் போகிறவருக்கும் எப்படிச் சமம் என்பது அவர் கட்சி. பெட்டி, நேரம், கிலோமீட்டர் மூன்றிலும் ஒரே நேரத்தில் சமம் கொண்டுவர முடியாது. லைனை வாரம் மாற்றி மாற்றிக் கொடுத்துவிடலாமே என்றால் கடைக்காரர்கள் விடமாட்டார்கள். தெரிந்த முகம் வந்தால்தான் பழைய பாக்கியைத் தருவார்கள், டேமேஜ் சரக்கைத் திருப்பித் தரும்போது பேச்சு வளராது.

தெரிந்த முகம் என்பதும் உலகம் முழுக்க உள்ள இலக்குதான். யு.பி.எஸ். கூரியர் நிறுவனம் ஓரியன் என்று ஒரு பெரிய தடத் திட்ட மென்பொருளைப் பல வருடம் உழைத்து உண்டாக்கியது. ஒவ்வொரு டிரைவரும் நாளைக்கு ஒரு மைல் குறைவாக ஓட்டினால் வருடத்துக்கு 5 கோடி டாலர் வரை மிச்சம் என்று கணக்குச் சொன்ன நிறுவனம் அது. அவர்களே கடைசியில் தூரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, தடம் தினமும் தலைகீழாக மாறாமல் பழகிய வரிசையிலேயே இருக்கும்படி சமரசம் செய்ய வேண்டியிருந்தது. 2021-இல் அமேசானும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய போட்டி இன்னும் ஒரு படி மேலே. ஐந்து அமெரிக்க நகரங்களில் 2018-இல் டிரைவர்கள் உண்மையில் ஓட்டிய தடங்களைக் கொடுத்து, குறைந்த தூரத்தைத் தேடாதீர்கள், அனுபவமுள்ள டிரைவர் எந்த வரிசையில் போவார் என்று சொல்லுங்கள் என்றார்கள். வென்றவர்கள் வில்லியம் குக், ஸ்டீஃபன் ஹெல்ட், கெல்ட் ஹெல்ஸ்கவுன். மூவரும் குறைந்த தூரம் கண்டுபிடிப்பதில் உலகப் புகழ் பெற்றவர்கள் என்பதுதான் இதில் ருசியான விஷயம். டிரைவர்கள் ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றாக முடிப்பதைக் கவனித்து, அந்தப் பழக்கங்களைத் தங்கள் கணக்குக்குள் விதிகளாகக் கட்டினார்கள்.

இடையில் ஒன்று. ஒரே சுற்றை இடமிருந்து போவதும் வலமிருந்து போவதும் ஒன்று என்று கணக்குப் புத்தகம் சொல்லும். தூரம் ஒன்றுதான். ஆனால் 60 கிலோமீட்டர் சுற்றில், பாதி எடை இறங்க வேண்டிய எண்ணெய்க் கடை ஐந்தாவது கிலோமீட்டரில் இருந்தால், இந்தப் பக்கமாகப் போனால் அந்தச் சுமையை 5 கிலோமீட்டர் சுமக்க வேண்டும், அந்தப் பக்கமாகப் போனால் 55 கிலோமீட்டர். டீசலும் புகையும் ஒன்றாக இருக்காது. பெக்டாஷ், லபோர்ட் இருவரும் 2011-இல் சுமையையும் வேகத்தையும் சேர்த்து இதற்கென்றே ஒரு கணக்கை எழுதினார்கள். நம் டிரைவர்களுக்கு இது பாலபாடம். கூடவே இன்னொரு சிக்கலும் அவர்களுக்குத் தெரியும்: முதலில் இறக்க வேண்டியதைக் கடைசியில் ஏற்ற வேண்டும். திசையை நான் மாற்றினால் லோடுமேன் ஏற்றிய வண்டியை முழுவதும் இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். அந்த அரை மணி நேரம் என் திரையில் எங்கும் தெரியாது.

பல இலக்குகளைச் சமன்செய்வது எவ்வளவு தூரம் நன்றாகப் போகலாம், எந்த இடத்தில் முறியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சம்பவம் சரக்கு வண்டியில் நடந்ததில்லை, பள்ளிப் பேருந்தில். அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். பள்ளிப் பேருந்துகளுக்கு மட்டும் வருடத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவு. ஒரே பேருந்து மூன்று பள்ளிகளுக்கு ஓடலாம் என்பதற்காக, பள்ளிகள் ஏழரை, எட்டரை, ஒன்பதரை என்று வெவ்வேறு நேரத்தில் தொடங்கிவந்தன. 2017-இல் மாவட்டக் கல்வி நிர்வாகம் ஒரு போட்டி வைத்தது. எம்.ஐ.டி.யின் டிமிட்ரிஸ் பெர்ட்சிமாஸ், ஆர்தர் டெலாரூ, செபாஸ்டியன் மார்டின் மூவரும் வென்றார்கள்.

அவர்கள் முறையில் நான் ரசித்தது ஒரு சின்ன சாமர்த்தியம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஆகச் சிறந்த தடத்தைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் சேர்ப்பதுதான் பழைய வழக்கம். இவர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் பல திட்டங்களைப் போட்டு வைத்தார்கள். ஒன்றில் பேருந்து குறைவு, பிள்ளைகளுக்குப் பயணம் நீளம். இன்னொன்றில் பேருந்து அதிகம், பயணம் குறுகல். அப்புறம் நகரம் முழுவதையும் ஒன்றாகப் பார்த்து, எந்தப் பள்ளிக்கு எந்தத் திட்டம் என்று தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பள்ளிக்கு வேண்டுமென்றே கூடுதல் பேருந்து கொடுத்தால், அவை சீக்கிரம் வேலை முடித்து அடுத்த பள்ளிக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். மொத்தத்தில் பேருந்து குறையும். தனித்தனியாகச் சிறந்தது, சேர்ந்து சிறந்ததாக இருப்பதில்லை. முதல் வருடமே 50 பேருந்துகள் குறைந்தன, வருடத்துக்கு 50 லட்சம் டாலர் மிச்சம். பிள்ளைகளுக்குச் சேவை கெடவுமில்லை.

அடுத்து அதே குழு பள்ளிகள் தொடங்கும் நேரத்தையே மாற்றப் புகுந்தது. இலக்குகள் எல்லாம் நல்லவை. வளரிளம் பிள்ளைகளுக்குக் காலைத் தூக்கம் தேவை. உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2014-இல் சொல்லியிருந்தது. சின்னப் பிள்ளைகள் இருட்டில் வீடு திரும்பக்கூடாது. நல்ல நேரங்கள் எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும். செலவும் குறைய வேண்டும். 2017 டிசம்பரில் பள்ளிக் குழு ஒருமனதாக ஒப்புக்கொண்டது. முப்பது வருடத்தில் முதல் சீர்திருத்தம். எட்டு மணிக்கு முன்பே தொடங்க வேண்டியிருந்த உயர்நிலை மாணவர்களின் பங்கு 74 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறையும் என்றார்கள்.

பள்ளிவாரியாகப் புது நேரப் பட்டியல் வெளியானதும் நகரம் கொதித்தது. பெரிய பிள்ளைகளைப் பின்னால் தள்ளினால் அதே பேருந்துகளுக்காகச் சின்னப் பிள்ளைகள் முன்னால் வந்தாக வேண்டும். பல தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை 7:15 மணி. ஒன்பதரைக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவந்த தாய் இனி விடியும் முன் எழுப்ப வேண்டும். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டும். பெரும்பாலான பள்ளிகளின் நேரம் மாறியிருந்தது. கூட்டங்களில் பெற்றோர் திரண்டார்கள். அதே மாதம் கண்காணிப்பாளர் டாமி சாங் திட்டத்தை நிறுத்திவைத்தார்.

இதைப் பலர், பார்த்தீர்களா, கம்ப்யூட்டரை நம்பினால் இப்படித்தான் என்று சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்தக் குழு தன்னிடம் சொல்லப்பட்ட இலக்குகளை நேர்மையாகவும் திறமையாகவும் தீர்த்துக் கொடுத்தது. நிர்வாகமும் மக்களைக் கேட்காமல் இல்லை. கருத்தறியும் கூட்டங்களும் கேள்வித்தாள்களும் நடந்தன. ஆனால் "பெரிய பிள்ளைகள் தாமதமாகத் தொடங்கலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் தலையாட்டுவார்கள். "அதற்காக உங்கள் வீட்டுச் சின்னவள் 7:15-க்கு வகுப்பில் இருக்க வேண்டும், சம்மதமா?" என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை வைத்து இரண்டாவதைத் தீர்மானிக்க முடியாது. இன்னொன்றையும் யோசிக்கிறேன். இன்றைய நேரத்திலிருந்து எவ்வளவு விலகுகிறோம் என்பதே ஒரு செலவு. அந்தச் செலவுக்குப் போதிய மதிப்பு கொடுத்திருந்தால் இவ்வளவு பள்ளிகள் ஒரே நாளில் மாறியிருக்காது. அதே சமயம், பழைய அட்டவணையே அநியாயமாக இருந்தால் "மாற்றம் குறைவாக இருக்கட்டும்" என்பது அந்த அநியாயத்துக்கே வெயிட்டேஜ் கொடுப்பதாகிவிடும். நல்ல நேரத்தை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் சத்தம் போடுவார்கள், கிடைத்திருக்க வேண்டியவர்களின் சத்தம் கேட்காது. பாஸ்டனில் இந்த இரண்டும் கலந்தே இருந்தன என்று நினைக்கிறேன். இதற்கு என்னிடம் தீர்வு இல்லை.

எங்கள் சின்ன வேலைக்கு அதிலிருந்து எடுத்துக்கொண்டது சில நடைமுறைகள்தான். ஒரே விடையைக் காட்டுவதை நிறுத்திவிட்டோம். மூன்று திட்டங்கள், மூன்று தாள்கள். கிலோமீட்டர், வண்டி, தாமதம் எல்லாம் ஒரு வரியில் முடிந்துவிடும். அதற்குக் கீழேதான் முக்கியமான பட்டியல்: இந்தத் திட்டத்தில் எந்தெந்தக் கடைக்கு வழக்கமான நேரம் ஒரு மணிக்கு மேல் மாறுகிறது, எந்த டிரைவர் வழக்கத்தைவிடத் தாமதமாக வீட்டுக்குப் போகிறார், யாருடைய லைனில் பெட்டி கூடுகிறது. பெயரோடு. முதலாளிகள் பட்டியலைத்தான் முதலில் படிக்கிறார்கள். "இவரையா மத்தியானத்துக்குத் தள்ளுறீங்க? ஏஜென்சி எடுத்த நாள்லருந்து நம்மகூட இருக்கறவருங்க" என்று ஒரு பெயரில் விரல் நிற்கும். அந்த வாக்கியம் எந்த வெயிட்டேஜ் கட்டத்திலும் வந்திருக்காது.

விரல் நின்ற கடை நிபந்தனையாகிவிடும். அதில் ஒரு ஆபத்து உண்டு: எல்லாரையும் நிபந்தனையாக்கினால் பழைய லைனே திரும்பி வந்து நிற்கும், எங்களுக்குக் கொடுத்த காசு வீண். அதனால் ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எதற்காக, எதுவரைக்கும் என்று எழுதச் சொல்கிறோம். சித்திரைத் திருவிழா முடியும்வரை மாசி வீதிக் கடைகளுக்கு அதிகாலையிலேயே இறக்க வேண்டும் என்றால் அது திருவிழாவோடு முடிய வேண்டும். போன வருடத் திருவிழாவுக்குப் போட்டதை எடுக்க மறந்து ஆடி மாதம்வரை ஒரு வண்டி விடியற்காலையில் போய்க் கடை திறக்கக் காத்திருந்ததை ஒரு குடோனில் பார்த்தேன். மீதிப் பட்டியலில் இருக்கும் கடைகளுக்குச் சேல்ஸ்மேன் முதல் நாள் சாயங்காலமே போன் போட்டுச் சொல்லிவிடுவார். முடியாது என்கிறவர்களின் காரணத்தை அவரே தாளில் குறித்துக்கொண்டு வருவார். மறுபடி ஒரு முறை கணக்கை ஓட்டுவோம். பெரும்பாலும் அப்படி மறுபடி ஓட்டியதில் வரும் தாள்தான் குடோன் சுவரில் ஒட்டப்படும்.